மின்னூலுக்குப் பக்கம் கிடையாது

திருகோணமலையில் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பழைய கணினிக் கோப்பைத் திறந்து, எழுத்துருவை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. ஆரம்பத்திலிருந்தே அதற்குள் இருந்தவை ஆங்கில எழுத்துகள்தான். பாமினி என்ற எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஊர் வரலாறு, கோயில் மலர், கவிதைத் தொகுதி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கட்டுரைகள் என்று இங்கே வெளிவந்த எத்தனையோ நூல்கள் இப்படிப்பட்ட கோப்புகளாக அச்சகக் கணினிகளில் கிடக்கின்றன. 300 பிரதியோ 500 பிரதியோ அடிப்போம். வெளியீட்டு விழாவோடு பாதி போகும், மீதி வீட்டு அலுமாரிக்குள் போகும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிற உறவுக்காரர் மின்னூலாகக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அமேசனிலோ கூகுளிலோ நூலை ஏற்ற எழுதியவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் அந்தப் பழைய கோப்பை அப்படியே ஏற்றினால் வருவது புத்தகமாக இருக்காது. ஏன் என்று விளங்க, எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

நம் ஊரின் பெயரையே எடுப்போம். பாமினியில் ‘திருகோணமலை’ என்று அடிக்க 10 எழுத்து: ஜே, பி, பெரிய யூ, பெரிய என், எஃப், எச், இஸட், கே, ஐ, வை. இதில் ‘கோ’ என்பதற்கு முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால். ‘லை’க்கும் ஐகாரக் கொம்பு முதலில், லகரம் பிறகு. அதாவது தாளில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதே ஒழுங்கு. தட்டச்சு இயந்திரம் பழக்கிவிட்ட ஒழுங்கு அது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு வேறு விதம். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தனக்கென்று ஓர் எண் உண்டு. 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழும் சேர்க்கப்பட்டது. நம் எழுத்துகளுக்கான முதன்மைத் தொகுதியில் 128 இடங்கள் உள்ளன. அங்கே ஒழுங்கு கண்ணைப் பொறுத்தது அல்ல, ஒலியைப் பொறுத்தது. தகரம், இகரக் குறி, ரகரம், உகரக் குறி, ககரம், ஓகாரக் குறி, ணகரம், மகரம், லகரம், ஐகாரக் குறி: மொத்தம் 10 எண்கள். வாசிக்கிறவர் காண்பது 6 எழுத்து. மின்னூல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் எண்ணுக்கு 3 பைட் வீதம் 30 பைட்.

இப்போது ‘கோ’வைத் திரையில் வரையவேண்டும். ககரத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரே ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்கவேண்டும். இதைச் செய்வது எழுத்துரு மட்டுமல்ல. எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளை வாசித்து நிறைவேற்ற ஒரு மென்பொருளும் வேண்டும். ஆண்ட்ரொய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள் தெரியும். எழுத்துரு இருந்தும் அந்த மென்பொருள் இல்லாவிட்டால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய், சில வேளை ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். மின்னூலுக்குள் நோட்டோ போன்ற இலவச எழுத்துரு ஒன்றைப் பொதித்து அனுப்பியும் பழைய வாசிப்புக் கருவிகளில் தமிழ் உடைந்து தெரிவதற்கு இதுதான் காரணம். முதற் குறையைப் பொதித்த எழுத்துரு தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை இந்த ஒழுங்கை எல்லாம் புரட்டிக் கொடுத்துவிடும். ஆனாலும் மாற்றிய பிரதியை ஒருவர் இருந்து வரிவரியாக வாசிக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். கடற்படைத் தளத்தைப் பற்றி எழுதியவர் நடுவில் ஆங்கிலத்தில் ‘டொக்’ (dock) என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், கருவி அதையும் தமிழ் என்று நினைத்து ‘னழஉம’ என்று ஆக்கிவிடும். இது கண்ணில் படும். கண்ணில் படாதது ஔகாரம். பாமினியில் ‘கௌரவம்’ அடிக்கும்போது கொம்பு, ககரம், அப்புறம் சாதாரண ளகரம். மாற்றியதும் அது ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகவே நின்றுவிடலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘கௌரவம்’ என்று தேடினால் கிடைக்காது. பார்வையற்ற ஒருவருக்குக் கருவி வாசித்துக் காட்டும்போது ‘கெளரவம்’ என்றே உச்சரிக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவும் முடியாது. வெள்ளம், தெளிவு, கெளிறு எல்லாம் அதோடு போய்விடும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதைத் தவிர வழியில்லை. அந்தப் பொறுமை புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை.

சரி, எழுத்து திருந்திவிட்டது. அடுத்தது பக்கம்.

பிடிஎஃப் என்பது தைத்து முடித்த சட்டை. எழுத்து எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பது அதில் முடிவாகிவிட்டது. மின்னூல்களுக்கான பொது வடிவமான ஈபப் என்பது துணியும் அளவுக் குறிப்பும். தையல் நடப்பது வாசகரின் கருவியில். ஏ5 தாளுக்குச் செய்த பிடிஎஃபைக் கைபேசியில் வாசிக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுத்து இழுத்துப் போகவேண்டியிருப்பது அதனால்தான்.

ஒரு ஈபப் கோப்பின் பெயர் ஈற்றை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். மந்திரம் ஒன்றும் இல்லை, உள்ளே இருப்பது ஒரு சின்ன இணையத்தளம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வலைப்பக்கம். தோற்றத்துக்கு ஒரு சிஎஸ்எஸ் கோப்பு, படங்கள், உள்ளடக்கப் பட்டியல், அப்புறம் நூலின் பெயர், ஆசிரியர், மொழி, அத்தியாய ஒழுங்கு எல்லாவற்றையும் சொல்லும் ஒரு கோப்பு. எல்லாவற்றுக்கும் முதலில், சுருக்கப்படாமல், ‘நான் ஈபப்’ என்று மட்டும் அறிவிக்கும் 20 பைட் கோப்பு ஒன்று இருக்கும். அதை முதலாவதாக வைப்பது வசதிக்காக: முழுப் பொதியையும் பிரிக்காமலே தொடக்கத்தை மட்டும் வாசித்து, இது மின்னூல் என்று கருவி கண்டுபிடித்துவிடும்.

கருவியே பக்கத்தை அமைப்பதால், நாம் சொல்லவேண்டியது ‘இது என்ன’ என்பதைத்தான். ‘இது எங்கே’ என்பதை அல்ல. அத்தியாயத் தலைப்பைப் பெரிய தடித்த எழுத்தாக்கினால் மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. கருவிக்கு அது பெரிய எழுத்து, அவ்வளவுதான். வேர்டில் அதற்கு ‘ஹெடிங் 1’ பாணியைக் கொடுத்தால்தான் உள்ளடக்கப் பட்டியல் தானாக உருவாகும். புதிய பக்கத்துக்குப் போக எண்டர் விசையைப் பன்னிரண்டு தரம் தட்டியிருந்தால் கைபேசியில் வெற்றுத் திரை வரும். ‘பக்கம் 47 பார்க்க’ என்பதற்கும் பொருள் போய்விடும். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும் ஒவ்வொரு தடவையும் பக்கம் மாறும் நூலில் 47ஆம் பக்கம் என்று ஒன்று ஏது? அந்த இடத்தில் ஓர் இணைப்பு வைக்கவேண்டும்.

இரு ஓரமும் நேராக வரும்படி வரிகளைப் பரப்புவது அச்சில் அழகு. கைபேசித் திரையில் தமிழுக்கு அது சரிவராது. ‘வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்’ போன்ற சொல் ஒன்று அடுத்த வரிக்குத் தாவினால், எஞ்சிய இரண்டு மூன்று சொற்களுக்கு நடுவே ஆற்று அகலத்துக்கு இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் நேராக விட்டுவிடுங்கள். எழுத்தின் அளவைப் பொயின்டில் பூட்டாமல், வாசகர் தெரிவுசெய்த அளவை ஒட்டி மாறும் அலகில் வையுங்கள். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரச் சுழியும் வாங்கும் எழுத்து நம்முடையது. நூலின் மொழி தமிழ் என்று குறிப்பிடவும் மறக்கக்கூடாது. எந்த எழுத்துரு, எந்தக் குரல் என்பதைக் கருவி அதைப் பார்த்தே தெரிவுசெய்யும்.

படங்களில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம் அதிகம். உட்துறைமுகத்தின் வரைபடம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள்: ஆழமான பகுதி நீலம், ஆழம் குறைந்த பகுதி பச்சை. அமேசனின் வாசிப்புக் கருவியான வழக்கமான கிண்டிலின் மின்மைத் (ஈ-இங்க்) திரை காட்டுவது 16 சாம்பல் நிறங்கள் மட்டுமே. ஒரே செறிவுள்ள நீலமும் பச்சையும் அங்கே ஒன்றாகிவிடும். கோடு, புள்ளி என்று வேறுபடுத்தி வரைந்தால் தப்பும். இன்னொன்று, பின்னணி இல்லாமல் கறுப்புக் கோட்டில் வரைந்த படம் கைபேசியின் இருள் முறையில் அடியோடு மறைந்துபோகலாம். வெள்ளைப் பின்னணியைப் படத்தோடே சேர்த்துவிடவேண்டும்.

விநியோகத் தளங்களுக்கு வருவோம். முன்பு அமேசனுக்கு மொபி என்ற வடிவம், மற்றவர்களுக்கு ஈபப் என்று இரண்டு தரம் செய்யவேண்டியிருந்தது. 2021இலிருந்து அமேசன் சாதாரண நூல்களுக்கு மொபியை ஏற்பதில்லை. ஈபப்பையோ வேர்ட் கோப்பையோ வாங்கித் தன் வடிவத்துக்குத் தானே மாற்றிக்கொள்கிறது. அப்பிள், கூகுள், கோபோ மூன்றும் ஈபப்பை ஏற்கின்றன. ஆகவே ஒழுங்காகச் செய்த ஒரே கோப்பு எல்லா இடத்துக்கும் போதும். ஆனால் கண்டிப்பில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அமேசன் பொறுத்துக்கொள்ளும் சின்னப் பிழைக்கு அப்பிள் கோப்பையே திருப்பிவிடும். ஈபப்செக் என்ற இலவசக் கருவியில் பிழை ஒன்றும் இல்லாமல் வரும்வரை சோதிப்பது நல்லது. கோப்பைத் திருத்த ஸிஜில் போதும், அதுவும் இலவசம். அமேசன் தரும் கிண்டில் பிரிவியூவரில் கைபேசி, டப்லெட், கிண்டில் மூன்றிலும் நூல் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம்.

அட்டைக்கு அமேசன் விரும்புவது 2560 பிக்சல் உயரமும் 1600 பிக்சல் அகலமும். அட்டை வெறும் படம் என்பதால் அதில் மட்டும் பாமினி எழுத்து இருந்தாலும் பாதகமில்லை. நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தளத்தில் பதியும்போது யூனிகோடாகவே இருக்கவேண்டும், எல்லாத் தளத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில்.

கோப்பின் பருமனும் காசைத் தொடும். அமேசனில் எழுத்தாளருக்கு 70 சதவீதப் பங்கு என்பதைத் தெரிவுசெய்தால், அமெரிக்கத் தளத்தில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் மெகாபைட்டுக்கு 15 சதம் அனுப்புக் கூலியாகக் கழிப்பார்கள். 2.99 டொலர் நூல் ஒன்று ஸ்கான் செய்த படங்களால் 8 மெகாபைட்டுக்கு வீங்கியிருந்தால் 1.20 டொலர் முதலில் போகும். மிச்சத்தில் 70 சதவீதம், ஏறக்குறைய 1.25 டொலர், எழுத்தாளருக்கு. அதே நூலை அரை மெகாபைட்டாகச் சுருக்கினால் கிடைப்பது 2 டொலருக்குச் சற்று மேல். இன்னொரு தெரிவையும் கவனித்துப் போடுங்கள்: கேடிபி செலக்ட் என்ற அமேசன் திட்டத்துக்குச் சம்மதித்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறு கடை எதிலும் கொடுக்கமுடியாது, இலவசமாகவும் கூட.

நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் மின்னூலுக்குக் கட்டாயம் இல்லை. அமேசன் 10 இடங்கள் கொண்ட தன் சொந்த எண்ணைக் கொடுத்துவிடும். ஐஎஸ்பிஎன் வேண்டுமென்றால் கொழும்பில் உள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அச்சுப் பிரதிக்கு எடுத்த எண்ணை மட்டும் மின்னூலுக்குப் போடவேண்டாம். வடிவம் வேறு, எண்ணும் வேறு.