ஓய்வு பெற்ற பிறகு நாள் ஏன் நகர மறுக்கிறது?

பணி நிறைவுக்குப் பின் முதல் சில மாதங்கள் விடுமுறைபோல இனிக்கும். தள்ளிப்போட்ட கண் அறுவை சிகிச்சை, குலதெய்வம் கோயில், பேரன் பேத்தி. அதன் பிறகுதான், ‘காலையில் எழுந்து என்ன செய்ய’ என்ற கேள்வி வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் நல்ல மனதோடு, “ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அது பெரும்பாலும் பலிப்பதில்லை.

1930 வாக்கில் ஆஸ்திரியாவின் மரியென்தால் கிராமத்தில் நெசவாலை மூடப்பட்டது. சமூக உளவியலாளர் மாரி யஹோடா உள்ளிட்டோர் அங்கே ஆய்வு செய்து 1933-ல் வெளியிட்டார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது. பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டார்கள். அங்கே வறுமையும் சேர்ந்திருந்தது உண்மை. ஆனால் மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறவர்களிடமும் இதே தளர்ச்சியைப் பார்க்கிறோம். சம்பளத்தோடு வேலை இன்னும் ஐந்தைத் தருகிறது என்று யஹோடா பின்னர் விளக்கினார்: நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே உள்ளவர்களோடு பழகுவது, பலரோடு சேர்ந்த நோக்கம், சமூக மதிப்பு, தட்டிக்கழிக்க முடியாத செயல்.

இவற்றில் உங்களுக்கு எது விட்டுப்போனது என்று யோசித்தே கண்டுபிடிப்பது கடினம். ஒரு நோட்டில் ஏழு நாள், மணிக்கு ஒரு வரியாக, செய்ததை எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு எண்கள்: கிடைத்த மகிழ்ச்சி, ‘ஒன்றைச் செய்து முடித்தோம்’ என்ற நிறைவு, இரண்டுக்கும் 0 முதல் 10 வரை. அன்றே எழுதுங்கள், மறுநாள் எழுதினால் எல்லாம் 3 என்றே தோன்றும். டிவி பார்த்த நேரத்துக்கு மகிழ்ச்சி 5, நிறைவு 0 என்று விழுவது சகஜம். நிறைவு 6-க்கு மேல் வந்த வரிகளைப் பாருங்கள். அவற்றில் இன்னொருவர் இருக்கிறாரா?

இருந்தால், அதை வாரம் இரண்டு நாள், குறித்த நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். வருவாய்த் துறையில் இருந்தவர் செவ்வாய், வெள்ளி காலை 10 முதல் 12 வரை தெருக்காரர்களுக்குப் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை மனு எழுதித் தரலாம். நீங்கள் வராவிட்டால் யாராவது போன் செய்து கேட்க வேண்டும், அதுதான் அளவுகோல். ‘மனசு வரும்போது செய்யலாம்’ என்று விட்டால் மூன்றாம் வாரமே நின்றுபோகும். மனசு, செய்யத் தொடங்கிய பிறகே வருகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெறுமையைப் போக்குவதற்காகப் பணிக்கொடைப் பணத்தைத் தொழிலில் போடாதீர்கள். முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வு அல்லது எதிலும் நாட்டமின்மை, கூடவே விடியற்காலை விழிப்பு, பசியின்மை, எடைக் குறைவு என்றால் நோட்டு போதாது, மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனையும் கேளுங்கள். நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு பி12 குறையலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.