பகடை உருட்டி வாங்கும் ஒப்புதல்

நெதர்லாந்தில் அரசு உதவித்தொகையை ஏமாற்றி வாங்கிப் பிடிபட்டவர்களிடம் மட்டும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவுகள் 2000-இல் வெளியாயின. இவர்கள் பிடிபட்டவர்கள் என்பது ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும். எல்லோரும் உண்மை பேசியிருந்தால் ‘ஆம்’ என்ற விடை 100 சதவீதம் வந்திருக்க வேண்டும். நேரில் உட்கார்ந்து கேட்டபோது வந்தது 25 சதவீதம். கணினித் திரையில் தாங்களே பதில் தட்டியவர்களிடம் 19. பகடை உருட்டிவிட்டுப் பதில் சொன்னவர்களிடம், அந்தப் பதில்களிலிருந்து கணக்கிட்டதில், 43 (அந்தக் கணக்கு எப்படி என்பது கீழே). சீட்டுக்கட்டை வைத்துக் கேட்ட இன்னொரு முறையில் 49.

கேட்கும் விதம் மாறியதும் ஒப்புதல் இரண்டு மடங்கானது. அதே சமயம், மிக நல்ல முறையிலும் பாதிப் பேர் மறைத்துவிட்டார்கள். சட்டமீறல் பற்றிய எந்தச் சர்வே எண்ணைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் எளிய காரணம்: எதிரில் ஆள் இருப்பது. அமெரிக்காவில் 1995-இல் 15 முதல் 19 வயது ஆண்களிடம் நடந்த தேசிய சர்வேயில், ஒரு பகுதியினருக்கு அச்சிட்ட வினாத்தாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மடிக்கணினியும் ஹெட்போனும். கேள்வி காதில் ஒலிக்கும்; பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்காது, சர்வே எடுப்பவருக்கும் தெரியாது. இன்னொரு ஆணுடன் பாலுறவு கொண்டதாகச் சொன்னவர்கள் காகிதத்தில் 1.5 சதவீதம், ஹெட்போனில் 5.5. வன்முறை, போதை ஊசி பற்றிய கேள்விகளிலும் எண்கள் அதே திசையில் ஏறின. காகிதத்தையும் தனியாகத்தான் நிரப்பினார்கள். ஆனால் நிரப்பிய தாளைக் கடைசியில் ஒருவர் கையில் கொடுத்தாக வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு வாசிப்பதே கூடுதல் தடை. அமெரிக்க அரசின் தேசிய போதைப்பொருள் சர்வே 1999-இல் இந்த ஹெட்போன் முறைக்கு மாறியது.

அப்படியானால் நெதர்லாந்தில் கணினி ஏன் கடைசி இடம் பிடித்தது? அலுவலகத்தோடு ஏற்கெனவே மல்லுக்கட்டியவருக்கு, தட்டியதையெல்லாம் பதிந்துவைக்கும் பெட்டி ஒன்றும் பாதுகாப்பான இடமாகத் தோன்றாது என்பது நம் ஊகம்.

இனி பகடை. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் அடிப்படை யோசனையைச் சொன்னார்: யார் என்ன செய்தார் என்று தெரியாமலேயே, மொத்தத்தில் எத்தனை பேர் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கலாம். இன்று அதிகம் புழங்குவது அதன் எளிய வடிவம். இரண்டு பகடைகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குகிறீர்கள். கூட்டுத்தொகை உங்களுக்கு மட்டும் தெரியும். 2, 3, 4 விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆம்’ சொல்ல வேண்டும். 11, 12 விழுந்தால் ‘இல்லை’. 5 முதல் 10 வரை விழுந்தால் மட்டும் உண்மை. இரண்டு பகடைகளுக்கு 36 சேர்க்கைகள். அதில் 6 கட்டாய ஆம், 3 கட்டாய இல்லை, மீதி 27 உண்மை.

ஆயிரம் பேரில் 280 பேர் ‘ஆம்’ என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 167 பகடை சொல்லவைத்தது. மிச்சம் 113. இது உண்மை பேசச் சொல்லப்பட்ட 750 பேரிடமிருந்து வந்தது. 113-ஐ 750-ஆல் வகுத்தால் 15 சதவீதம். யார் அந்த 15 சதவீதத்தில் என்பது ஆய்வாளருக்கும் தெரியாது, நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல முடியாது.

இதற்கு விலை உண்டு. பகடை கலக்கும் இரைச்சலால் பிழை எல்லை அகலமாகிறது. இதே 15 சதவீதத்தை நேரடிக் கேள்வியில் ஆயிரம் பேரை வைத்து எவ்வளவு துல்லியமாக அளக்கலாமோ, அதே துல்லியத்துக்கு இங்கே சுமார் 2,800 பேர் வேண்டும். பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிட்டு, களத்திலிருந்து திரும்பி வந்து தலையில் கைவைப்பது வழக்கம்.

இதைவிடப் பெரிய சிக்கல் குற்றம் செய்யாதவரிடமிருந்து வருகிறது. அவருக்கு 3 விழுகிறது. ஜன்மத்தில் திருடாத மனிதர், ஓர் அந்நியரின் முகத்தைப் பார்த்து ‘ஆம், திருடினேன்’ என்று சொல்ல வேண்டும். விதி புரிந்தாலும் வாய் வருவதில்லை. ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறார். அவர் உணர்வதில் கணக்கும் இருக்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ‘ஆம்’ சொன்ன ஒருவர் உண்மையில் செய்தவராக இருக்கும் வாய்ப்பு 15 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 50-க்குத் தாவுகிறது. ‘இல்லை’ சொன்னவருக்கோ அது 2 சதவீதத்துக்கும் கீழே. ‘உங்களுக்கு முழுப் பாதுகாப்பு’ என்று களப்பணியாளர் சொல்லும்போது அது பாதி உண்மைதான். இப்படி விதியை மீறுகிறவர்கள் கூடி, ஆயிரம் பேரில் 150 பேர் மட்டும் ‘ஆம்’ சொன்னால் சூத்திரம் மைனஸ் 2.2 சதவீதம் என்று விடை தரும். மைனஸ் எண் வந்தால் உடனே தெரிந்துவிடும், அது பரவாயில்லை. 6 வர வேண்டிய இடத்தில் 4 வந்தால் யாருக்கும் தெரியாது.

இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க 2008-இல் வேறொரு முறை வந்தது. இரண்டு வாக்கியங்கள் தருவார்கள். ஒன்று, ‘என் அம்மா பிறந்தது ஜனவரி முதல் மார்ச்சுக்குள்’. மற்றது, ‘நான் வருமான வரியில் பொய்க்கணக்குக் காட்டியிருக்கிறேன்’. இரண்டுக்கும் உங்கள் விடை ஒன்றேயா, வேறுவேறா என்று மட்டும் சொன்னால் போதும். அம்மாக்களில் நான்கில் ஒரு பங்கினர் அந்த மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் என்று அனுமானித்து, மொத்த எண்ணைக் கணக்கிடுவார்கள். யாரும் ‘ஆம்’ என்று வாய் திறக்க வேண்டாம். (பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் போட்டுவிட்ட தேதிதான் பிறந்தநாள் என்றிருக்கும் நம் பெரியவர்களிடம் இதைக் கேட்டால், நான்கில் ஒரு பங்கு என்ற அனுமானமே தகர்ந்துவிடும்.)

அழகான முறை, எண்களும் பெரும்பாலும் நேரடிக் கேள்வியைவிட உயரமாக வரும். ஆய்வாளர்கள் மகிழ்ந்தார்கள். ஹோக்லிங்கர், டீக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-இல் அந்த மகிழ்ச்சியில் மண்ணைப் போட்டார்கள். உறுப்பு மாற்றம் பெற்றிருக்கிறீர்களா, தென் அமெரிக்காவின் சாகஸ் நோய் வந்திருக்கிறதா என்று இதே முறையில் கேட்டார்கள். விடை பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டிய கேள்விகள் இவை. 8 சதவீதம் வரை வந்தது. காரணம், விதியைப் படிக்காமல் ஏதோ ஒன்றைத் தட்டுகிறவர்கள். பத்தில் ஒருவர் அப்படித் தட்டினால், குற்றமே செய்யாத கூட்டத்தில் 5 சதவீதக் குற்றவாளிகள் முளைத்துவிடுவார்கள். ஆகவே ‘அதிக எண் வந்தது, எனவே அதிக உண்மை வந்தது’ என்ற வாதம் செல்லாது. ஆவணத்தோடு ஒத்துப்பார்த்த ஆய்வுகளுக்கு மதிப்பு அதனால்தான்.

அப்படி ஒத்துப்பார்த்தவை தரும் படம் அடக்கமானது. சிகாகோவில் 1970-களில், குடித்துவிட்டு வண்டி ஓட்டி வழக்கில் மாட்டியவர்களில் நேர்முகத்தில் மறைத்தவர்கள் 47 சதவீதம், தொலைபேசியில் 46, தாங்களே நிரப்பிய தாளில் 54, வார்னர் பாணி முறையில் 35. ஜெர்மனியில் தண்டனை பெற்றவர்களிடம் 2013-இல் வெளியான ஆய்வில், நேராகக் கேட்டபோது 58 சதவீதம் ஒப்புக்கொண்டார்கள். ரகசிய முறையில் சுமார் 60. பொருட்படுத்தும்படியான வித்தியாசமே இல்லை.

முறையைவிட எளிய தவறுகளும் எண்ணைக் கெடுக்கும். ‘ஆம்’ சொன்னால் பத்துத் துணைக்கேள்விகள், ‘இல்லை’ சொன்னால் அடுத்த தலைப்பு என்று வினாத்தாள் இருந்தால், மூன்றாவது தலைப்புக்குள் எல்லோரும் ‘இல்லை’ கற்றுக்கொள்வார்கள். முதலில் எல்லா ஆம்-இல்லைக் கேள்விகளையும் கேட்டு முடித்துவிட்டு, துணைக்கேள்விகளைப் பின்னால் வைக்க வேண்டும். ‘ஏதாவது குற்றம் செய்ததுண்டா’ என்று கேட்காமல், ‘கடந்த 12 மாதத்தில் டிக்கெட் இல்லாமல் பேருந்தில் போனதுண்டா’ என்று செயலைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பலருக்குத் தாங்கள் செய்தது குற்றம் என்ற நினைப்பே இருக்காது.

ரகசிய முறைதான் வேண்டும் என்றால், பெரிய களத்துக்குப் போகுமுன் முன்னோட்டத்தில் ஒரு பூஜ்யக் கேள்வியைச் சேர்ப்பது நல்லது. உறுப்பு மாற்றக் கேள்வியே போதும். அதற்கு 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் விடை வந்தால் தொடரலாம். 6 வந்தால், வரி ஏய்ப்புக் கேள்விக்கு 14 வந்திருந்தாலும் அதிலும் அதே 6 உட்கார்ந்திருக்கக்கூடும். விதியை விளக்கும் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி முன்னோட்டம் பார்க்க வேண்டியதுதான்.