கனடாவிலிருந்து வந்த திரை ஏன் 60இல் நிற்கிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு வந்த மாமா கனடாவிலிருந்து 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் ஒன்றை, அதாவது வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கக்கூடிய திரையை, கொண்டுவந்து கொடுத்தாராம். வீட்டுக் கணினியில் பூட்டினால் 60க்கு மேலே போக மறுக்கிறது. "கனடாவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்த சாமான் இங்கே அப்படித்தான் நிற்கும்" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அது சரியா என்கிறார்.

சரியில்லை. சுவரிலிருந்து வரும் ஆடலோட்டம் மொனிட்டருக்குப் போனதுமே நேரோட்டமாக மாற்றப்படுகிறது. அதன் பிறகு 50ஆ 60ஆ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 60 என்ற எண் மின்சாரத்தோடு தொடர்பில்லாததும் அல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சியை வடிவமைத்தவர்கள் தங்கள் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போகும்படி திரையின் வீதத்தை வைத்தார்கள். கணினி உலகம் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது.

புதுப்பிப்பு வீதம் என்பது திரை ஒரு வினாடியில் எத்தனை முறை புதிய படத்தை ஏற்கிறது என்ற கணக்கு. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க சைக்கிள் டைனமோ போதும். மின்சாரமே இல்லாத போர்க்காலத்தில் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. சைக்கிளை மெதுவாக உருட்டினால் முன்விளக்கு துடிக்கும். வேகமாக மிதித்தால் துடிப்பு மறைந்து ஒளி சீராகிவிடும். விளக்கின் துடிப்பு நிற்கவில்லை, கண்ணால்தான் அதைப் பிரித்தறிய முடியவில்லை. பழைய குழாய்த் திரைகளில் 60 ஹெர்ட்ஸ் தலையிடி தந்ததும் இப்படியொரு துடிப்பால்தான், அந்த வீதத்தில் அது முழுதாக மறையவில்லை. இன்றைய தட்டைத் திரை அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அப்படித் துடிப்பதில்லை. அசையும் காட்சிகளில் மட்டுமே 144இன் அருமை தெரியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்த மொனிட்டரால் 144 முடியும் என்று கணினிக்கு யார் சொன்னது? மொனிட்டரேதான். அதற்குள் சிறிய நினைவகம் ஒன்று இருக்கிறது. ஈ.டி.ஐ.டி. எனப்படும் அடையாளக் குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறது. முதற்பகுதி வெறும் 128 பைட்டுகள், அதாவது 128 சிறு எண்கள். தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, திரையின் அகலம், உயரம், தாங்கக்கூடிய வீதங்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. தயாரித்த ஆண்டைக்கூட 1990இலிருந்து எண்ணி ஒரே பைட்டில் வைத்திருக்கிறார்கள்: 2023 என்றால் 33. கடைசிப் பைட்டு காவல்காரன். 128 எண்களையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதற்கேற்ற எண்ணே அங்கே இடப்பட்டிருக்கும். வழியில் ஒரு எண் சிதைந்தாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். சந்தைக் கணக்கைக் கூட்டிச் சரிபார்க்கும் நம் வீட்டுப் பழக்கம்தான், எவ்வளவு சிக்கனமாக, எவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது!

கணினியையும் மொனிட்டரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வயரின் 19 ஊசிகளில் 15ஆவதும் 16ஆவதும் இந்தக் குறிப்பை வாசிப்பதற்கானவை. 18ஆவது ஊசி வழியாகக் கணினியே 5 வோல்ற்று அனுப்புவதால், பல மொனிட்டர்கள் சுவர் மின்சாரம் இல்லாமலேயே தங்களை அடையாளம் காட்டிவிடும். படம் போவது வேறு கம்பிகளில். ஆகவே படம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும்போதே குறிப்பு வாசிக்கப்படாமல் போகலாம். உயர்ந்த வீதங்கள் பெரும்பாலும் இரண்டாவது 128 பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். இடையில் பூட்டிய மலிவான இணைப்பான் (அடாப்டர்) ஒன்று அதைக் கடத்தாவிட்டால் கணினி முதற்பகுதியில் கண்ட 60ஓடு நின்றுவிடும்.

குறிப்பு சரியாக வந்தாலும் வழியின் அகலம் போதாமல் போகலாம். 1920 × 1080 படப்புள்ளிகளை 60 முறை அனுப்ப வினாடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள். 144 முறை என்றால் 29 கோடியே 86 இலட்சம். 2002இல் வந்த முதல் எச்.டி.எம்.ஐ.யின் எல்லை 16 கோடியே 50 இலட்சம்தான். தங்கமுலாம் பூசிய வயர் வேகத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். முலாம் செய்வது ஊசியில் களிம்பு ஏறாமல் காப்பது. முல்லைத்தீவின் உப்புக்காற்றில் அது பெரிய உதவிதான், ஆனால் கூடுதல் புள்ளி ஒன்றையும் அது கடத்தாது.

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் கணினி அறையில், "பழுது" என்று ஒதுக்கிய நான்கு மொனிட்டர்களை ஒருமுறை பார்த்தேன். வயரை மாற்றியதும் மூன்று வேலை செய்தன. கணினிகளைக் கொடுக்கும்போது விழா எடுக்கிறோம். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்க மறந்துவிடுகிறோம். இது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

தங்கச்சி, முதலில் இணைப்பான்களைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். கணினியிலும் மொனிட்டரிலும் டிஸ்பிளேபோர்ட் என்ற மற்றொரு வகை இணைப்பு வாய் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் வீதங்களின் பட்டியல் வரும். 144ஐத் தேர்ந்ததும் திரை கறுத்துப் போனால் எதையும் தொடாதீர்கள். 15 வினாடிக்குள் நீங்கள் சம்மதம் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே பழைய வீதத்துக்குத் திரும்பிவிடும்.