சேமியாத் துண்டு அளவு நுரையீரல் சதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு ஆய்வகத்தில் நோயியல் மருத்துவராக வேலை செய்கிறேன். நோயாளிகளை நேரில் பார்ப்பது குறைவு. அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த சதைதான் என் மேஜைக்கு வரும். நுரையீரலில் ஊசி குத்தி எடுத்த பயாப்ஸி என்றால், ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் கிடக்கும் அந்தச் சதை ஒரு சேமியாத் துண்டு அளவுதான். புற்றுநோயா, எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்று எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபது தாண்டியவர், சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மாதக்கணக்கில் இருமல், உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. தென்னாப்பிரிக்காவில் இருமல் என்றால் முதலில் டிபியைத்தான் நினைப்போம். இங்கே அவ்வளவு டிபி இருக்கிறது, நினைத்ததில் தப்பில்லை. சளியில் கிருமி தெரியாமலேயே மாத்திரை தொடங்கினார்கள். இருமல் குறையவில்லை, எக்ஸ்ரேயில் இருந்த நிழலும் கரையவில்லை. அப்படியும் அதே மாத்திரை தொடர்ந்தது. சதை என்னிடம் வந்தபோது ஐந்து மாதம் ஓடிவிட்டது.

டிபி மருந்தை இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் நிழல் அப்படியே நின்றால், "சிடி ஸ்கேன் எடுக்கலாமா, பயாப்ஸி வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆயாவுக்கு வந்திருந்தது நுரையீரல் புற்றுநோய், அதில் அடினோகார்சினோமா என்ற வகை. அடுத்து நடந்தது எங்கள் ஆய்வகத்தின் தவறு, மறைக்காமல் சொல்கிறேன். சதையை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி வைப்போம், அதை பிளாக் என்போம். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு சாயம் போட்டுப் பார்ப்போம். வகையை உறுதி செய்ய ஒரு சாயம், சந்தேகத்துக்கு இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனதில் பிளாக்கில் வெறும் மெழுகுதான் மிஞ்சியது. ஜீன் பரிசோதனைக்குச் சதை இல்லை. புகைபிடிக்காத பெண்களுக்கு, அதிலும் ஆசிய வம்சாவளியினருக்கு, இஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் மாத்திரையாகவே மருந்து உண்டு. அந்தச் சோதனைக்குச் சில சீவல்களை முதலிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மறுபடியும் ஊசி என்றதும் வீட்டில் மறுத்துவிட்டார்கள். "கத்தி பட்டா பரவிடும் டாக்டர்" என்றார் மகன். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு இது. ஊசி போன தடத்தில் நுரையீரல் புற்று பரவுவது மிக மிக அரிது. பேரன் போனை நீட்டினான். "ஊசியே வேண்டாம், இரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ பார்த்தால் போதும் என்று விளம்பரம் வந்திருக்கிறதே?"

ஆயாவுக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னேன். பன்னி சாவ் கடையை, அதாவது ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் கடையை, நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் ஆர்டரைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவார். சீட்டைப் பார்த்துத்தான் சமையற்கட்டில் வேலை நடக்கும். செல்லிலும் அப்படித்தான், ஜீனிலிருந்து எடுக்கும் ஆர்என்ஏ நகல்தான் சீட்டு, அதைப் பார்த்துச் செய்யும் புரதம்தான் சமையல். ஜீன்கள் எல்லாச் செல்லிலும் ஒன்றுதான், எந்த ஜீனுக்கு எத்தனை சீட்டு போகிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத்தான் ஜீன் வெளிப்பாடு என்கிறோம். மைக்ரோ ஆர்என்ஏ, கொக்கியில் தொங்கும் சீட்டைப் பிடுங்கிப் போடும் ஆள். அதுவும் ஒரு குட்டி ஆர்என்ஏதான், நீளம் ஏறக்குறைய 22 மரபணு எழுத்துதான். 1993இல் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

நுரையீரல் புற்றுச் சதையில் லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ குறைந்து போவதுண்டு. அப்படிக் குறைந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாழ்ந்த காலமும் குறைவு என்று 2004இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ராஸ் என்ற வளர்ச்சி ஜீனின் சீட்டைப் பிடுங்குவது இந்த லெட்-7தான் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. பிடுங்க ஆள் இல்லாவிட்டால் செல் வளர்ந்துகொண்டே போகும். மிர்-21 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ இதற்கு நேர் எதிர். புற்றில் அது கூடும், வளர்ச்சிக்குத் தடைபோடும் ஜீன்களின் சீட்டுகளைப் பிடுங்கும். குட்டையாக இருப்பதால் இவை பல வருடம் மெழுகுக்குள் கிடந்த சதையிலும் சிதையாமல் கிடைக்கும். எனக்கு இதில் இன்றும் தீராத ஆச்சரியம்.

அப்புறம் ஏன் அந்த விளம்பரத்தை நம்பக் கூடாது? மிர்-21 புற்றில் மட்டும் கூடுவதில்லை. அழற்சியிலும், நுரையீரலில் தழும்பு விழும்போதும் கூடும். டிபி வந்து போன நெஞ்சுகள் நிறைந்த இந்த ஊரில் அந்த ஒரு எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்? எடுத்த சதையில் பாதி நல்ல சதை, பாதி புற்று என்றாலே கணக்கு மாறிவிடும். மிர்-34 என்ற மற்றொரு மைக்ரோ ஆர்என்ஏவை மருந்தாகவே கொடுத்துப் பார்த்த சோதனையை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தினார்கள். ஆராய்ச்சி தொடரட்டும், எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் இன்றைக்கு உங்கள் மருந்தைத் தீர்மானிக்கும் சோதனை அது இல்லை. இரத்தத்தில் புற்றின் டிஎன்ஏவைத் தேடி இஜிஎஃப்ஆர் மாற்றம் பார்க்கும் சோதனை வேறு, அது நல்ல சோதனை. அதிலும் மாற்றம் தெரியவில்லை என்றால் இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆயாதான் முடிவு சொன்னார். "குத்துங்க சாமி, எனக்கு என்ன பயம்." இந்த முறை முதல் சீவல்களை ஜீன் சோதனைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் சாயத்துக்குப் போனேன். இஜிஎஃப்ஆரில் மாற்றம் இருந்தது. மாத்திரை தொடங்கி சில வாரத்தில் இருமல் தணிந்ததாக மகன் சொன்னார். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்களுக்குக் கிடைக்கும் மருந்து இல்லாதவர்களுக்கும் அப்படியே கிடைப்பதில்லை. அந்த வேதனை எனக்குத் தீரவில்லை.

பயாப்ஸி அறிக்கையின் மேலே ஆய்வக எண் ஒன்று இருக்கும், அதை எழுதி வையுங்கள். மருத்துவமனை மாறினால் பிளாக்கை அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஜீன் சோதனைக்குச் சதை மிச்சம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.