பிபிஎஃப்: 5-ஆம் தேதியும் 15-ஆம் ஆண்டும்

என் அத்தை எட்டு வருடமாக அஞ்சலகத்தில் பிபிஎஃப் என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு வைத்திருந்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் வளையலை அடகுக் கடைக்குக் கொண்டுபோனார். “அது பதினைந்து வருஷம் தொடக்கூடாத பணம்பா” என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் அந்தக் கணக்கிலிருந்தே பணம் எடுத்திருக்க முடியும். இந்தத் திட்டம் 1968 முதல் இருக்கிறது. ஆனால் அதன் விதிகள் தெரியாமலே கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர்.

அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒருவர் ஒரு கணக்குதான் தொடங்கலாம். நிதியாண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பிள்ளை பேரில் தொடங்கினாலும் உங்கள் கணக்கையும் அதையும் சேர்த்தே இந்த உச்சவரம்பு. மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும். 2020 ஏப்ரலிலிருந்து 2025 முடியும்வரை அது 7.1 சதவீதத்திலேயே நின்றது. போடும் தொகைக்கு வரிக்கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான். வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் எந்த முறையிலும் வரி கிடையாது. கடைக்காரர்களும் சொந்தத் தொழில் செய்பவர்களும் கவனிக்க வேண்டியது இன்னொன்று: கடன் பாக்கிக்காக இந்தப் பணத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது.

வட்டி ஆண்டு முடிவில்தான் வரவு வைக்கப்படும், ஆனால் கணக்கிடுவது மாதாமாதம். 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. 6-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் வராது. மாதம் 5,000 ரூபாயை 7-ஆம் தேதி கட்டுகிறவர், 4-ஆம் தேதி கட்டுகிறவரைவிட வருடத்துக்குச் சுமார் 355 ரூபாய் இழக்கிறார். ஒன்றரை லட்சத்தை மொத்தமாகப் போடுகிறவர் ஏப்ரல் 5-ஐத் தவறவிட்டால் ஒரே நாளில் 887 ரூபாய் போகும். காசோலை கொடுத்தால் அது பணமாகும் நாள்தான் கணக்கு, அதனால் நாலைந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

இனி அத்தை விஷயம். கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பணம் எடுக்கலாம். நான்கு ஆண்டுக்கு முந்தைய இருப்பு, போன ஆண்டுக் கடைசி இருப்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதில் பாதி கிடைக்கும். 2016-17-இல் தொடங்கியவர் 2024-25-இல் எடுக்கப் போனால், 2021 மார்ச் 31 இருப்பையும் 2024 மார்ச் 31 இருப்பையும் ஒப்பிடுவார்கள். அந்த ஐந்து ஆண்டு ஆகாதவர்களுக்குக் கடன் வசதி உண்டு. தொடங்கிய ஆண்டு போக இன்னும் ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு முந்தைய இருப்பில் கால்வாசி வரை தருவார்கள். 36 மாதத்துக்குள் அடைத்தால் பிபிஎஃப் வட்டியைவிட ஒரு சதவீதம்தான் கூடுதல். நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஏதாவது ஒரு வருடம் 500 ரூபாய் கட்டாமல் விட்டிருந்தால், வருடத்துக்கு 50 ரூபாய் அபராதத்தோடு நிலுவையைக் கட்டிக் கணக்கை உயிர்ப்பித்த பிறகே இந்த இரண்டும் கிடைக்கும்.

பதினைந்து ஆண்டு என்பது தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படுகிறது. 2010 ஜூனில் தொடங்கிய கணக்கு 2026 ஏப்ரல் 1-இல்தான் முதிரும். அன்றைக்கே போய் மூடிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. சுதந்திரமாக வாழ நினைப்பவருக்கு இந்தக் கணக்கின் உண்மையான பயன் அதற்குப் பிறகுதான். புதிதாக எதுவும் போடாமல் அப்படியே விட்டாலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்; வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். 7.1 சதவீதத்தில் 40 லட்சம் இருந்தால் வருட வட்டி 2,84,000 ரூபாய். அசலைத் தொடாமல், வரியில்லாமல் கைக்கு வரும் பணம் அது.

தொடர்ந்து பணமும் போட விரும்பினால், முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் 4 எழுதிக் கொடுத்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். படிவம் கொடுக்காமல் போட்ட பணத்துக்கு வட்டி கிடைக்காது. இந்த நீட்டிப்பில், ஐந்தாண்டுத் தொடக்கத்தில் இருந்த தொகையில் 60 சதவீதம் வரைதான் எடுக்க முடியும்.

விலைவாசி ஏறும் வேகத்துக்கு 7.1 சதவீதத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதனால் எல்லாப் பணத்தையும் இதில் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டு, தொடங்கிய நிதியாண்டை வைத்தே எண்ணப்படுவதால், முதல் சம்பளம் வாங்கும் பிள்ளையிடம் 500 ரூபாயோடு ஒரு கணக்கைத் தொடங்கி வைக்கச் சொல்லுங்கள். பெரிய தொகை பிறகு போடலாம். அன்றைக்கே நாமினி பெயரையும் எழுதிவிடட்டும்.