பொதுக் கடலாய்வு வசதிகள்: கருவி வாங்கிய பிறகுதான் வேலை தொடங்குகிறது

கடல் தொடர்பான தொழிலில் இறங்கும் நிறுவனங்கள் எங்களைப் போன்ற பொது ஆய்வு வசதியைத் தேடி வரும்போது முதலில் கேட்பது, "உங்களிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?" என்றுதான். பட்டியலைக் கொடுத்துவிடுவோம். அதைவிட முக்கியமான மூன்று கேள்விகளைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இவற்றை இயக்கப்போவது யார்? கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தீர்கள், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்துத் திருத்தினீர்கள்? கிடைக்கும் தரவு யாருக்குச் சொந்தம்? கூட்டு முயற்சிகள் உடைவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

கடலில் எதையும் தனியாகச் செய்து கட்டுப்படியாகாது. ஆழ்கடல் ஆய்வுக் கப்பல் ஒன்றை ஒரு நாள் ஓட்டவே பல்லாயிரம் டாலர் வேண்டும். புதிதாக ஒரு சென்சாரை வடிவமைக்கும் ஸ்டார்ட்அப்புக்கும், நான்கு மாணவர்களை வைத்துக்கொண்டு பவளப்பாறையை ஆராயும் பேராசிரியருக்கும் அது எட்டாத தொகை. கப்பலும் மிதவையும் கடல்நீர்த் தொட்டிகளும் பொதுவில் இருந்தால்தான் இருவருக்கும் வழி பிறக்கும்.

இந்த யோசனை 150 ஆண்டுப் பழமையானது. ஜெர்மானிய விலங்கியலாளர் அன்டன் டோர்ன் 1872-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தை நிறுவினார். அதை நடத்தப் பணம்? ஆய்வு மேசைகளை வாடகைக்கு விட்டார். ஓர் அரசோ பல்கலைக்கழகமோ ஆண்டு வாடகை கட்டினால், அது அனுப்பும் ஆய்வாளருக்கு ஒரு மேசை, கடல்நீர்த் தொட்டி, உயிருள்ள மாதிரிகள், வேதிப்பொருட்கள், நூலகம் எல்லாம் கிடைக்கும். எதை ஆராய்வது என்பது ஆய்வாளரின் விருப்பம். மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் மீன் காட்சியகமும் அதே கட்டடத்தில் இயங்கியது. இன்று நாம் எழுதும் பல ஒப்பந்தங்களைவிட அந்த ஏற்பாடு தெளிவானது: பணம் கட்டுபவருக்கு வசதி உண்டு, ஆய்வின் முடிவில் அதிகாரம் கிடையாது.

தொழில் துறையோடு கைகோத்ததற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த தொடர் மிதவையுயிர்ப் பதிவுக் கருவி. 1931 முதல் வணிகக் கப்பல்கள் அதைத் தங்கள் வழக்கமான பாதையிலேயே இழுத்துச் செல்கின்றன. உள்ளே மெல்ல நகரும் பட்டுத்துணியில் மிதவையுயிரிகள், அதாவது நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் சிற்றுயிர்கள் படியும். கரைக்கு வந்ததும் ஆய்வகம் எண்ணிப் பார்க்கும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெப்பநீரில் வாழும் கோபிபாடுகள் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகள் சுமார் 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 10 டிகிரி அட்சரேகை அளவுக்கு வடக்கே நகர்ந்திருப்பது இப்படித்தான் தெரியவந்தது. இந்த ஏற்பாடு இத்தனை காலம் நீடித்ததற்கு, கப்பல் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பதும், மாலுமிகளே கருவியை இறக்கி ஏற்றிவிடலாம் என்பதும் முக்கியக் காரணங்கள் என்று நினைக்கிறேன். நிறுவனத்திடம் நாம் கேட்பது சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் கூட வரும்.

இனி, யாரும் பேச விரும்பாத பராமரிப்புக்கு வருகிறேன்.

கடலில் இறக்கிய சென்சார்மேல் சில நாட்களிலேயே நுண்ணுயிர்ப் படலம் படர்ந்துவிடும். பிறகு பாசி, அதன் பிறகு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு. பச்சையத்தையும் கலங்கலையும் அளக்கும் ஒளியியல் சென்சார்கள்தான் முதலில் பொய் சொல்லத் தொடங்கும். உப்புத்தன்மை அளவீடும் மெல்ல விலகிப்போகும். எண்கள் வந்துகொண்டே இருப்பதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்றே பார்ப்பவர் நம்புவார். அந்த எண்ணை வைத்து ஒரு மீன்பண்ணை கூண்டின் இடத்தை முடிவு செய்தால் நட்டம் அதற்குத்தான்.

ஆர்கோ திட்டத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 4000 மிதவைகள் உலகக் கடல்களில் மிதக்கின்றன. வழக்கமான மிதவை 10 நாளுக்கு ஒரு முறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். பெரும்பாலான மிதவைகளை எடுத்து வந்து சரிபார்க்க வழியில்லை. அதனால் தரவு 24 மணி நேரத்துக்குள் இலவசமாக வெளியானாலும், வல்லுநர்கள் அதைக் கப்பல் அளவீடுகளோடு ஒப்பிட்டு மாதக்கணக்கில் திருத்துகிறார்கள். ஆர்கோவை நம்ப வைப்பது அந்தப் பொறுமையான வேலை. மிதவைகளுக்கு நிதி கிடைப்பதைவிட அந்த மனிதர்களுக்குச் சம்பளம் கிடைப்பது எங்கும் கடினம்.

என் கருத்து உறுதியானது. பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும் இயக்குபவர்களின் ஊதியமும் எழுதப்படாத எந்தக் கொள்முதல் திட்டத்துக்கும் ஒப்புதல் தரக்கூடாது. ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தொழில்நுட்பர் விலகிப் போனால், அந்தக் கருவி எந்த வெப்பநிலையில் எப்படித் தவறும் என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது. அதைக் கையேட்டில் தேடிப் பயனில்லை.

தரவு விஷயத்தில் இரு பக்கத்துப் பயமும் நியாயமானது. போட்டியாளருக்குத் தெரிந்துவிடுமோ என்று நிறுவனம் அஞ்சுகிறது. கட்டுரை வெளியிட விடமாட்டார்களோ என்று ஆய்வாளர் அஞ்சுகிறார். கப்பல் புறப்படும் முன்பே தரவைப் பிரித்து எழுதிக்கொள்ளச் சொல்வேன். நீரின் வெப்பம், உப்பு, ஆழம் போன்ற சூழல் அளவீடுகள் உடனே பொதுவுக்கு. நிறுவனத்தின் கருவி எப்படி இயங்கியது என்பது நிறுவனத்துக்கு. இரண்டும் கலந்த முடிவுகளுக்கு ஒரு காத்திருப்புக் காலம். அது முடிந்ததும் தானாகத் திறக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் 2003-இல் நிறுவப்பட்ட ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையத்தில், அலை, நீரோட்ட மின்கருவிகளை மின்கட்டமைப்போடு இணைத்தே சோதிக்கலாம். இத்தகைய சுயேச்சையான சோதனைக் கூடம் தரும் அறிக்கை முதலீட்டாளரிடம் எடுபடும்; நிறுவனம் தானே அளந்து சொன்னால் எடுபடாது. கடலடித் தரை முழுவதையும் வரைபடமாக்கும் 'சீபெட் 2030' திட்டம் 2017-இல் தொடங்கியபோது சுமார் 6 விழுக்காடுதான் முறையாக அளக்கப்பட்டிருந்தது. இன்று அது கால் பங்கைத் தாண்டிவிட்டது. ஃபுக்ரோ போன்ற கடலடி அளவை நிறுவனங்கள் தங்கள் கப்பல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியில் எடுத்த ஆழ அளவுகளைக் கொடுத்ததும் அதற்கு உதவியது.

உயிரி மாதிரிகளில் இன்னும் கவனம் தேவை. கூம்பு நத்தையின் நஞ்சைப் பின்பற்றிய வலிநிவாரணி சிகோனோடைடும், கடற்பீச்சி என்ற கடலுயிரியில் கண்டறியப்பட்ட புற்றுநோய் மருந்து டிராபெக்டெடினும் சந்தைக்கு வந்த பிறகு கடலுயிரிகள்மேல் மருந்து நிறுவனங்களின் ஆர்வம் புரியாத புதிரல்ல. ஆனால் மாதிரி எந்த நாட்டின் கடலில், எப்போது, யாருடைய அனுமதியோடு எடுக்கப்பட்டது என்ற தாள் உறைவிப்பானில் இருக்கும் குப்பியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரு நாட்டின் மரபுவளத்தை அதன் அனுமதியோடு எடுத்து, பலனைப் பகிர வேண்டும் என்று சொல்லும் நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலுக்கான உடன்படிக்கை 2023-இல் ஏற்கப்பட்டு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தாள் இல்லாத குப்பியை நம்பி எந்த நிறுவனமும் முதலீடு செய்யாது.

நாள் ஒதுக்கீடு பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய திட்டங்கள் ஆண்டு முழுவதையும் முன்பதிவு செய்துவிடும். சிறு நிறுவனங்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் சில நாட்களைத் தனியே ஒதுக்கி, கட்டணப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வைத்து, விண்ணப்பத்துக்கு எத்தனை வாரத்தில் பதில் வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.