பருவகால மனச்சோர்வு

ஆங்கிலத்தில் ‘சீசனல் அஃபெக்டிவ் டிஸ்ஆர்டர்’. தமிழில் சிலர் ‘பருவகால பாதிப்புக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள்; அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டதால் வந்த வினை. ‘அஃபெக்டஸ்’ என்ற லத்தீன் சொல்வழி வந்த ‘அஃபெக்ட்’, மனநல மருத்துவத்தில் உணர்ச்சியையும் மனநிலையையும் குறிக்கும். பாதிக்காத கோளாறு என்று ஒன்று உண்டா என்ன? ‘சீசன்’ என்பதும் லத்தீன் வழிதான்: முதலில் விதைப்பு, பிறகு விதைக்கும் காலம், கடைசியில் பருவம்.

மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடன் அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தில் பணியாற்றியவர்களும் 1984இல் இந்நோயை விவரித்துப் பெயரிட்டார்கள். பகல் குறுகும் கூதிர்காலத்தில் தொடங்கி, இளவேனில் வரும்போது விலகும். மனச்சோர்வு என்றாலே தூக்கமும் பசியும் போய்விடும் என்று நினைப்போம். இதிலோ தூக்கம் மிகும், மாவுப் பண்டங்களில் ஆசை ஏறும், எடை கூடும். கோடையில் வரும் வகையும் உண்டு, அரிதாக. ஆகவே ‘பருவகால மனச்சோர்வு’ என்பதே பொருந்தும். ‘குளிர்கால’ என்று சுருக்க வேண்டாம்.

சிகிச்சையில் முதலில் பேசப்படுவது ‘லைட் தெரபி’. இதற்கு ‘ஒளி சிகிச்சை’ போதும். ‘கதிர்’ என்று சேர்த்தால் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு நினைவுக்கு வந்து நோயாளி மிரள்வார். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும் விளக்கின் முன், காலையில் எழுந்ததும் 20 முதல் 30 நிமிடம் அமர்வது வழக்கம். வீட்டு விளக்குகள் பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை. விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, கண் திறந்திருந்தால் போதும். அது புற ஊதாக் கதிரை வடிகட்டியதாக இருக்க வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் லக்ஸ் சடசடவென இறங்கிவிடும். விழித்திரை நோய் உள்ளவர்களும், மனம் மிகையாகப் பொங்கித் தாழும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எண்ணப் போக்கையும் பழக்கத்தையும் மாற்றும் ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ மற்றொரு வழி. இதைப் பெற்றவர்களுக்கு, ஒளி சிகிச்சை பெற்றவர்களைவிட, இரண்டாவது குளிர்காலத்தில் நோய் திரும்புவது குறைவாக இருந்ததாக அமெரிக்க உளவியலாளர் கெல்லி ரோஹன் குழுவின் ஆய்வு காட்டியது. மருந்துகளில் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை தரப்படுகின்றன. மெதுவாகக் கரையும் வகை புப்ரோப்பியான் மருந்துக்கு 2006இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி, வருமுன் தடுப்பதற்கானது. அதனால் அறிகுறி தோன்றும் முன்பே தொடங்கி, இளவேனில் தொடங்கும் வரை தருகிறார்கள்.